பச்சைப்பயறு முளையில் காட்மியம்: எதிர்ப்பு நொதிகளை அளக்கவும் படிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தாவரவியல் முதுகலை ஆய்வேடுகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: "காட்மியத்தின் செறிவு கூடக் கூட நொதிகளின் செயல்பாடும் கூடியது, ஆகவே இந்த ரகம் கன உலோகத்தைத் தாங்கும்." இங்கே நொதிகள் என்பவை செல்லுக்குள் பிறக்கும் ஆக்சிஜன் நஞ்சுகளை அடக்கும் எதிர்ப்பு நொதிகள். முதல் பாதி அளந்து கண்டது, இரண்டாம் பாதி ஆசைப்பட்டுச் சொன்னது. நொதி கூடியிருப்பதிலிருந்து நாற்று போராடுகிறது என்று தெரிகிறது. தப்பித்ததா என்று தெரிய வேரின் நீளத்தையும் சவ்வின் சேதத்தையும் புரதத்தின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு காரியத்துக்காகத்தான். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளை வைத்தே செய்யக்கூடியதாக, பச்சைப்பயறையும் காட்மியத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

முளைக்குள் நடப்பது என்ன

செம்பும் இரும்பும் எலக்ட்ரானை வாங்கியும் கொடுத்தும் நேரடியாகவே ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற கடும் ஆக்சிஜன் நஞ்சை உண்டாக்கும். காட்மியத்துக்கு அந்தத் திறன் கிடையாது. அது சுற்று வழியில் கெடுக்கிறது. நொதிகளிலும் புரதங்களிலும் துத்தநாகம், இரும்பு, கால்சியம் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரும்பும் மாங்கனீசும் உள்ளே வரும் கடத்திகள் வழியாகவே தானும் நுழைகிறது. உள்ளே வந்ததும் செல் அதைக் கட்டிப்போட ஃபைட்டோகீலேட்டின் என்ற சிறு புரதத்துண்டுகளைச் செய்கிறது. அவற்றுக்கு மூலப்பொருள் குளூட்டாதயோன். அதே குளூட்டாதயோன்தான் ஹைட்ரஜன் பெராக்சைடை அடக்கவும் தேவை. ஒரே கையிருப்பை இரண்டு செலவுக்கு எடுத்தால் ஏதோ ஓர் இடத்தில் பற்றாக்குறை வரும். மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் எலக்ட்ரான் ஓட்டம் தடுமாறி ஆக்சிஜன் மீது சிந்தும்போது சூப்பர் ஆக்சைடு என்ற இன்னோர் ஆக்சிஜன் நஞ்சு பிறக்கிறது.

அதை எதிர்கொள்வது எஸ்.ஓ.டி. எனப்படும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் அடையாளம் கண்ட நொதி இது. சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவதோடு இதன் வேலை முடிந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் நஞ்சுதான். அதை நீராக்கக் கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், குவாயகால் பெராக்சிடேஸ் ஆகியவை வர வேண்டும். கேட்டலேஸ் பெராக்சைடு மிகுந்திருக்கும்போது வேகமாக ஓடும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸோ மைக்ரோமோலார் அளவிலேயே அதைப் பிடித்துவிடும். குளூட்டாதயோன் ரிடக்டேஸ் தீர்ந்துபோன குளூட்டாதயோனை மீட்டுத் தரும். எஸ்.ஓ.டி.யை மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவது கதையின் முதல் காட்சியோடு எழுந்து வருவதைப் போன்றது.

படி 1: கரைசலில் கணக்குத் தப்பாதீர்கள்

கடையில் கிடைக்கும் காட்மியம் குளோரைடு பெரும்பாலும் நீரேறிய உப்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டரை நீர் மூலக்கூறுகள். அதன் மூலக்கூறு எடை 228.35. நீரற்ற உப்பு என்றால் 183.3. புட்டியின் லேபிளைப் பார்க்காமல் ஒன்றுக்கு மற்றொன்றின் எடையைப் போட்டால் செறிவு கால்பங்கு மாறிவிடும். நீரேறிய உப்பில் 0.228 கிராம் எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 10 மில்லிமோலார் மூலக்கரைசல். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 100 மைக்ரோமோலார்.

0, 25, 50, 100, 200 மைக்ரோமோலார் என்று தொடங்கலாம். ஆனால் இதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் செலவிட்டு வேர் நீளத்தை மட்டும் அளந்து முன்னோட்டம் பாருங்கள். வேர் வளர்ச்சி பாதியாகக் குறையும் செறிவு எதுவோ அதற்கு மேலே ஒன்றிரண்டு, கீழே ஒன்றிரண்டு என்று அமைத்துக்கொண்டால் நொதிகளின் ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே கண்ணில் படும். செத்துக்கொண்டிருக்கும் நாற்றில் நொதியை அளந்து எழுதிய ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த நீரில் கரைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெறும் காய்ச்சி வடித்த நீரில் காட்மியம் கடுமையாகத் தாக்கும். ஊட்டக் கரைசலில் உள்ள கால்சியம் அதனோடு போட்டியிடும், உலோகங்களைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மம் அதில் ஒரு பகுதியைக் கட்டிப்போடும். ஈயத்தை எடுத்திருந்தால் கரைசலின் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். நாற்றுக்கு நீங்கள் எழுதிவைத்த செறிவு போய்ச் சேராது. எதைத் தேர்ந்தாலும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றே, அதை ஆய்வேட்டிலும் எழுதுங்கள்.

படி 2: விதை

ஒரே ரகம், ஒரே அறுவடை, ஒரே பை. மிதப்பதையும் உடைந்ததையும் ஒதுக்கிவிடுங்கள். அடுத்து விதையின் மேற்பரப்பைக் கிருமி நீக்க வேண்டும். இங்கே பல பழைய செய்முறைகள் 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடைச் சொல்கின்றன. கன உலோகம் பற்றிய சோதனையில், ஒப்பிடுவதற்காக உலோகம் கொடுக்காமல் வைக்கும் கட்டுப்பாட்டு விதைகளையும் சேர்த்துப் பாதரசத்தில் குளிப்பாட்டுவது எந்த வகையில் நியாயம்? நானும் என் முதல் சோதனையில் அதைத்தான் செய்தேன். உலோகமே கொடுக்காத தட்டின் வேர்நுனிகள் பழுப்பேறி நின்றபோதும் காரணம் புரியவில்லை. மாதக்கணக்கில் உழைத்த தரவு முழுவதையும் ஒதுக்க வேண்டி வந்தது. 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு ஐந்து முறை நல்ல நீரில் அலசல். அது போதும்.

அலசிய விதையை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஈர வடிதாளில் இருட்டில் 25 முதல் 28 டிகிரியில் முளைக்க விடுங்கள். காட்மியத்தை இப்போது சேர்க்க வேண்டாம். முளைவேர் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றை உலோகக் கரைசலுக்கு மாற்றுங்கள்.

இப்படிச் செய்யச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். விதையுறை உலோகத்தை ஓரளவு வெளியே நிறுத்திவிடுவதால் முளைப்பு வீதம் பெரிதாகக் குறையாமலே இருக்கும். அதை வைத்து "பாதிப்பில்லை" என்று முடிவுகட்டிவிடுவோம். அதைவிடப் பெரிய சிக்கல் வயது. முளைக்கும் விதையில் நொதிகள் நாளுக்கு நாள் தாமாகவே மாறுகின்றன. நிலக்கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய் வித்துகளின் வித்திலையில் கொழுப்பைக் கரைக்கும் நாட்களில் கேட்டலேஸ் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். காட்மியத்தால் முளைப்பு இரண்டு நாள் பின்தங்கினால், ஐந்தாம் நாள் நாற்று என்று நீங்கள் அரைப்பது வளர்ச்சியில் மூன்றாம் நாள் நாற்றாக இருக்கும். கிடைக்கும் வித்தியாசத்தில் உலோகத்தின் பங்கு எது, வயதின் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது.

படி 3: உலோகத்தில் வைக்கும் நாட்கள்

வடிதாள் காட்மியத்தைக் கொஞ்சம் ஈர்த்துக்கொள்ளும். தட்டிலிருந்து நீர் ஆவியாகும்போது மீதமுள்ள கரைசல் தடிக்கும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் பழைய கரைசலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். முடிந்தால் வடிதாளையே விட்டுவிட்டு, பீக்கரின் மேல் பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டி வேர் மட்டும் கரைசலில் தொங்கும்படி வளர்ப்பது நல்லது.

ஒரு செறிவுக்கு நான்கு தட்டுகளாவது வேண்டும். ஒரு தட்டில் 25 நாற்று இருந்தாலும் புள்ளியியலில் அது ஒரே ஒரு மாதிரிதான். 25 வேர்களையும் 25 மாதிரிகளாகக் கணக்கிட்டால் இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தெரியும். தட்டுகளை அலமாரியில் செறிவு வரிசையில் அடுக்காமல் கலந்து வையுங்கள். விளக்குக்குக் கீழே ஒரு வரிசை எப்போதும் சூடாகவே இருக்கும். முழுச் சோதனையையும் வேறொரு வாரத்தில் இன்னொரு முறை செய்யுங்கள்.

அளக்கும் நேரம் ஒன்று போதாது. 24 மணி நேரத்தில் ஏறிய நொதி ஐந்தாம் நாளில் விழுந்து கிடக்கலாம். குறைந்தது இரண்டு நேரப்புள்ளிகள் வையுங்கள். நாளின் எந்த நேரத்தில் அறுக்கிறீர்களோ, எல்லா நாளும் அதே நேரம். ஒளிக்கு ஏற்பவும் இந்த நொதிகள் மாறும்.

படி 4: அறுவடையும் அரைப்பும்

வேரையும் தண்டையும் இலையையும் பிரித்தே எடுங்கள். காட்மியம் பெரும்பகுதி வேரிலேயே தங்கும். முழு நாற்றாக அரைத்தால் வேரின் கூச்சல் இலையின் அமைதிக்குள் அமுங்கிப்போகும். 0.5 கிராம் வேர் சேர ஒரு தட்டு போதாமல் போகலாம், முன்பே கணக்கிட்டு விதை போடுங்கள்.

நீரில் அலசி, ஒற்றி, எடை பார்த்து, உடனே திரவ நைட்ரஜனில் போடவும். அது கிடைக்காவிட்டால் ஐஸ் மேல் வைத்த பீங்கான் கல்வத்தில் அப்போதே அரைத்துவிடுங்கள். வீட்டுக் குளிர்பெட்டி உறைபகுதியில் வாரக்கணக்கில் கிடந்த திசுவில் வரும் எண்களை நம்ப முடியாது. அரைக்க 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பி.எச். 7.0, எஸ்.ஓ.டி.க்கு 7.8. கூடவே 0.1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பீனால்கள் நொதியைக் கெடுக்காமலிருக்க அவற்றைப் பிடித்துக்கொள்ளும் 1 சதவீத பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்).

அஸ்கார்பேட் பெராக்சிடேஸுக்குத் தனிச்சாறு வேண்டும். பசுங்கணிகத்தில் உள்ள அந்த நொதி அஸ்கார்பேட் இல்லாத பஃபரில் மிகச் சீக்கிரம் செயலிழக்கும், ஆகவே பஃபரில் 1 மில்லிமோலார் அஸ்கார்பேட் சேருங்கள். அதே சாற்றை எஸ்.ஓ.டி.க்குப் பயன்படுத்தக் கூடாது. அஸ்கார்பேட் அந்தச் சோதனையின் நிறமாற்றத்திலேயே தலையிடும். எல்லாவற்றுக்கும் ஒரே சாறு என்று எழுதிய செய்முறையைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். சுற்று எண்ணையும் ஜி விசையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: சுழலியின் ஆரம் 8 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஏறக்குறைய 12,900 ஜி கிடைக்கும், 6 செ.மீ. என்றால் 9,700தான்.

படி 5: நொதிகள், ஒவ்வொன்றாக

எஸ்.ஓ.டி.: ரைபோஃபிளேவின் ஒளியில் சூப்பர் ஆக்சைடை உண்டாக்க, அது என்.பி.டி. சாயத்தை நீலமாக்கும்; நொதி இருந்தால் நீலம் குறையும். 13 மில்லிமோலார் மெத்தியோனின், 75 மைக்ரோமோலார் என்.பி.டி., 2 மைக்ரோமோலார் ரைபோஃபிளேவின், 0.1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ.; ரைபோஃபிளேவினைக் கடைசியாகச் சேர்த்து, ஒரே சீரான வெளிச்சத்தில் 10 முதல் 15 நிமிடம் வைத்து 560 நானோமீட்டரில் பாருங்கள். நீலத்தைப் பாதியாகக் குறைக்கும் நொதி அளவே ஒரு அலகு. தடுப்பு நேர்கோட்டில் போவதில்லை என்பதால், ஒரே அளவு சாறு ஊற்றி விகிதக் கணக்குப் போடக் கூடாது. நான்கைந்து அளவுகளில் சாறு ஊற்றி, வளைகோடு வரைந்து, 50 சதவீதம் விழும் இடத்தைப் படியுங்கள். சாறில்லாத ஒளிக்குழாயும் இருட்டுக்குழாயும் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும்.

கேட்டலேஸ்: 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு குறைவதை 240 நானோமீட்டரில் முதல் ஒரு நிமிடம் பார்ப்பது. 30 சதவீதப் புட்டி ஏறக்குறைய 9.8 மோலார், ஆனால் திறந்து நாளான புட்டி வலுவிழந்திருக்கும். சாறு சேர்க்குமுன் ஒளி உறிஞ்சல் 0.4க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அளவைச் சரிசெய்யுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஒளி உறிஞ்சலைச் செறிவாக மாற்ற வகுக்கும் எண்தான் உறிஞ்சல் கெழு. 240 நானோமீட்டரில் பெராக்சைடின் உறிஞ்சல் கெழு ஒரு மோலாருக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 40. தாவர ஆய்வுகளில் 39.4 என்றும் 43.6 என்றும் எடுப்பார்கள். ஆனால் அச்சான கட்டுரைகள் பலவற்றில் "ஒரு மில்லிமோலாருக்கு 39.4" என்று தவறாக வந்திருக்கிறது, அதைப் பார்த்து அடுத்தவர் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர். விளைவு ஆயிரம் மடங்கு பிழை. நீங்களே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒளி உறிஞ்சல் 0.04 இறங்குகிறது, கியூவெட் எனும் அளவுக்குப்பியில் 3 மி.லி., சாறு 0.1 மி.லி. 0.04ஐ 0.0394ஆல் வகுத்தால் 1.015 மில்லிமோலார்; 3 மி.லி.யில் 3.05 மைக்ரோமோல். அந்த 0.1 மி.லி. சாறு நிமிடத்துக்கு அவ்வளவு பெராக்சைடை உடைத்திருக்கிறது. 39.4ஆல் வகுத்தால் 0.003 வரும். உங்கள் எண் மற்றவர் எண்ணோடு ஆயிரம் மடங்கு விலகினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அஸ்கார்பேட் பெராக்சிடேஸ்: 0.5 மில்லிமோலார் அஸ்கார்பேட், 0.1 மில்லிமோலார் பெராக்சைடு, 290 நானோமீட்டரில் இறக்கம், கெழு மில்லிமோலாருக்கு 2.8. நொதியில்லாமலும் அஸ்கார்பேட் மெல்லக் குறையும், அதைக் கழியுங்கள். குவாயகால் பெராக்சிடேஸ்: 470இல் ஏற்றம், கெழு 26.6. குளூட்டாதயோன் ரிடக்டேஸ்: 340இல் என்.ஏ.டி.பி.எச். இறக்கம், கெழு 6.2. எதுவானாலும் முதல் நேர்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள். சாறு இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள்.

படி 6: எதால் வகுப்பது

பெரும்பாலும் தவறான முடிவு பிறப்பது இங்கேதான். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. கட்டுப்பாட்டு வேரில் கிராமுக்கு 120 அலகு நொதி, 6 மி.கி. புரதம். 100 மைக்ரோமோலாரில் கிராமுக்கு 100 அலகு, 4 மி.கி. புரதம். ஒரு கிராம் வேருக்குப் பார்த்தால் நொதி 17 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரு மி.கி. புரதத்துக்குப் பார்த்தால் 20லிருந்து 25 அலகாக, 25 சதவீதம் கூடியிருக்கிறது! நொதி கூடவே இல்லை. மற்ற புரதங்கள் அதைவிட வேகமாக அழிந்தன. உலோக நெருக்கடியில் புரதம் குறைவது வழக்கமான செய்தி என்பதால் இந்த மயக்கம் எப்போதும் காத்திருக்கிறது. காட்மியத்தில் நாற்றின் நீர்ச்சத்தும் குறையும் என்பதால் ஈர எடையும் முழு நம்பிக்கைக்குரியது அல்ல. ஆகவே பிராட்ஃபோர்டு முறையில் புரதத்தை அளந்து, புரதத்துக்கும் ஈர எடைக்கும் இரண்டு விதமாகவும் எழுதுங்கள். புரத அளவைத் தனிப் பத்தியாகவே கொடுங்கள், உலர் எடையும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 7: சேதத்தை அளக்காமல் முடிக்காதீர்கள்

சவ்வின் கொழுப்பு சிதையும்போது வரும் எம்.டி.ஏ. எனும் மாலோன்டைஆல்டிஹைடைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, 532இல் வாசித்து 600இன் அளவைக் கழித்து, மில்லிமோலாருக்கு 155 என்ற கெழுவால் வகுக்கலாம். முளைகளில் சர்க்கரை மிகுதி, அதுவும் இந்த அமிலத்தோடு நிறம் கொடுக்கும். 440இலும் வாசித்துத் திருத்தம் செய்யுங்கள். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்க்காத இணைமாதிரி ஒன்றும் வேண்டும். பெராக்சைடின் அளவு, வேர் நீளம், செத்த செல்களைக் காட்டும் இவான்ஸ் நீலச் சாயமேற்றம் (வேர்நுனியில்) ஆகியவற்றை அன்றே முடித்துவிடலாம்.

படி 8: எண்களைப் படிப்பது

எஸ்.ஓ.டி.யும் பெராக்சைடை உடைக்கும் நொதிகளும் சேர்ந்து உயர்ந்து, எம்.டி.ஏ. மாறாமல், வேரும் ஓரளவு வளர்ந்தால் நாற்று சமாளிக்கிறது. எஸ்.ஓ.டி. உயர்ந்து கேட்டலேஸ் விழுந்தால் பெராக்சைடைப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் ஒரு நஞ்சை இன்னொன்றாக மாற்றியதோடு வேலை நின்றுவிட்டது. கேட்டலேஸ் ஹீம் என்ற இரும்புப் பகுதி உள்ள நொதி. காட்மியம் இரும்பு வரவைக் குறைப்பதும் அது விழ ஒரு காரணமாகலாம். எல்லாமே விழுந்து எம்.டி.ஏ. ஏறினால் அந்தச் செறிவில் நாற்று தோற்றுவிட்டது.

குவாயகால் பெராக்சிடேஸ் ஏற்றத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. செல்சுவரில் லிக்னின் கட்டுவதும் அதே குடும்ப நொதிகள்தான். வேர் தடித்து, குட்டையாகி, வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்போதும் இந்த எண் ஏறும். வேரின் நீளத்தைப் பக்கத்தில் வைக்காமல் இதைப் பாதுகாப்பு என்று அழைக்க வேண்டாம்.

நேரம் இருந்தால் ஒரு சிறிய சோதனை: கட்டுப்பாட்டு நாற்றின் சாற்றில் நேரடியாகக் காட்மியத்தைச் சேர்த்து நொதியை அளந்து பாருங்கள். இ.டி.டி.ஏ. காட்மியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சாற்றை மட்டும் அது இல்லாத பஃபரில் எடுங்கள். குழாயில் குறையாத நொதி நாற்றில் குறைந்திருந்தால், காட்மியம் அந்த நொதியையே தாக்கவில்லை, அதன் உற்பத்தியையோ ஆயுளையோ குறைத்திருக்கிறது என்று எழுத ஓர் ஆதாரம் கிடைக்கும்.

காட்மியத்துக்குப் பதில் குரோமியம் என்றால்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்க மாணவர்கள் குரோமியத்தை எடுப்பது இயல்பு. பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு திருப்பம். தோல் பதனிட வழக்கமாகப் பயன்படுவது மும்மதிப்புக் குரோமியம். நடுநிலை நீரில் அது பெரும்பாலும் படிந்துவிடும். குரோமேட் உற்பத்திக் கழிவில் இருப்பது அறுமதிப்புக் குரோமியம். அது சல்பேட் கடத்திகள் வழியாக நுழைந்து, செல்லுக்குள் ஒடுக்கமடையும்போது நேரடியாகவே ஆக்சிஜன் நஞ்சுகளை உண்டாக்கும். எதைச் சோதிக்கிறீர்கள் என்று தலைப்பிலேயே சொல்லுங்கள். பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஒரு மூலக்கூறில் இரண்டு குரோமியம் உண்டு: 100 மைக்ரோமோலார் குரோமியத்துக்கு 50 மைக்ரோமோலார் டைகுரோமேட், அதாவது லிட்டருக்கு 14.7 மி.கி. போதும். ஊட்டக் கரைசலின் சல்பேட் கூடினால் குரோமியம் உள்ளே போவது குறையும், அதையும் ஒரே அளவில் வையுங்கள்.

கடைசிப் படி: கழிவு

காட்மியமும் அறுமதிப்புக் குரோமியமும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியானவை. கையுறையோடு எடை போடுங்கள், தூள் பறக்கும் மின்விசிறியை நிறுத்துங்கள். தட்டிலிருந்து வடித்த கரைசல், முதல் அலசல் நீர், வடிதாள், அரைத்த சக்கை எதையும் தொட்டியில் ஊற்றவோ குப்பைக்கூடையில் போடவோ கூடாது. திரவத்துக்கு மூடியிட்ட ஒரு கேன், திடக்கழிவுக்கு ஒரு தடித்த பை. இரண்டின் மீதும் உலோகத்தின் பெயரும் தேதியும் எழுதி, அபாயக் கழிவை எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் கல்லூரி வழியாக ஒப்படைக்க வேண்டும். மீந்த நாற்றுகளில் தனிக் கவனம் வையுங்கள். பச்சைப்பயறு முளை பார்க்கச் சாப்பிடும் பொருளாகவே இருக்கும். தட்டைக் கழுவ வரும் அக்காவுக்கு அதில் என்ன ஊறியிருக்கிறது என்று தெரியாது. அவர் வருவதற்கு முன் நீங்களே பையில் கட்டி, சீட்டு ஒட்டி, பூட்டி வையுங்கள்.